பழசு ஒன்று, புதுசு ஒன்று

"சீட்டு வரல தம்பி!"

எடைப்பாலத்துக் கண்ணாடி அறையிலிருந்து, கணக்கெழுதும் கிராணி செல்லம் போட்ட சத்தத்தில், பின்பக்கத்துச் சர்வர் அறையில் பசியாறிக்கொண்டிருந்த ஹேமநாதனுக்கு ரொட்டி சானாய் தொண்டையிலேயே நின்றது.

"எந்தச் சீட்டுக்கா?"

"எடைச் சீட்டுத்தான், வேற என்னா? நேத்து பழைய பிரிண்டருக்குள்ள பல்லி புகுந்து வெந்து போச்சில்ல? காலையில வர்ற வழியில ஸ்கூடாய்ல புதுசு ஒண்ணு வாங்கிட்டு வந்தேன். வயரைச் சொருகினா போதும்னான் கடைக்காரன். சொருகிட்டேன். பச்சை லைட்டு எரியுது. சீட்டுத்தான் வரல."

வெளியே பாலத்தின்மேல் ஒரு லோரி நின்றது. அதன் பின்னால் இன்னும் இரண்டு. மூன்றிலும் அன்று காலையில் வெட்டிய செம்பனைக் குலைகள். எடை போட்டு, சீட்டு வாங்கி, பழத்தைக் கொட்டிவிட்டு அடுத்த நடைக்கு ஓடவேண்டிய லோரிகள் அவை.

வேறொரு நாளாக இருந்தால் ஹேமநாதன் டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பான். ஆனால் அன்று தொண்ணூறாவது நாள்.

அந்தத் தொண்ணூறு நாளின் கதை இதுதான். முதலாளி சந்திரமதி அம்மாளுக்கு ஜொகூரில் நான்கு பழக் கொள்முதல் நிலையங்கள். ஊரில் அதை ரேம்பு என்பார்கள். தோட்டக்காரர்களிடம் குலைகளை வாங்கி எடைபோட்டு எண்ணெய் ஆலைக்கு அனுப்புகிற தொழில். ஐந்தாவது ரேம்பு சிகாமட்டில் திறக்கப்போகிறது. எல்லா இடத்துச் சர்வருக்கும் ஆபரேட்டிங் சிஸ்டம் மாற்றவேண்டிய வேளை வந்தது.

அது இரண்டு தினுசில் கிடைக்கிறது. ஒன்று நிதானம். ஒரு பதிப்பைப் போட்டால் ஐந்து வருஷத்துக்கு அதேதான். ஓட்டை விழுந்தால் ஒட்டுப் போடுவார்கள், மற்றபடி ஒரு ஆணியைக்கூட நகர்த்த மாட்டார்கள். இன்னொன்று வேகம். உலகத்தில் எவன் எதைப் புதிதாக எழுதினாலும் அடுத்த வாரமே உங்கள் மெஷினுக்கு வந்து சேர்ந்துவிடும், நல்லதும் கெட்டதும் சேர்த்து. ஆபீசில் இவற்றுக்குப் 'பழசு', 'புதுசு' என்று பேர் வைத்துவிட்டார்கள்.

பதினோரு வருஷமாக அங்கே கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் ஹேமநாதன் பழசின் கட்சி. போன வருஷம் பட்டம் வாங்கிய கையோடு வந்து சேர்ந்த பிரவீனா புதுசின் கட்சி. இரண்டு கூட்டம் முழுக்க இருவரும் கத்தித் தீர்த்தார்கள். மூன்றாவது கூட்டத்தில், அதுவரை கச்சான் கடலை கொறித்துக்கொண்டிருந்த சந்திரமதி அம்மாள் வாயைத் திறந்தார்.

"நான் பத்து வயசுல எஸ்டேட்டுல உதிரிப்பழம் பொறுக்கினவ. குலை இழுக்க எருமை வாங்கப் போனா, எங்கப்பா விக்கிறவன் பேச்சைக் கேக்கமாட்டாரு. வண்டியில பூட்டிப் பார்ப்பாரு. நீங்களும் பூட்டுங்க. ரெண்டு மெஷினையும் பக்கத்துல பக்கத்துல வச்சு, ஆளுக்கு ஒரு வாரம்னு மாத்தி மாத்தி ஓட்டுங்க. தொண்ணூறு நாளு. எது முதல்ல படுக்குதோ அதோட ஆளு சிகாமட் ரேம்புக்குப் போறது. ரெண்டும் படுக்கலன்னா வெளியாளு பாத்துக்கறேன்."

"படுக்கறதுன்னா எப்படிங்க மேடம்?" என்று கேட்டான் ஹேமநாதன்.

"செல்லம் பேனாவை எடுத்துக் கையால சீட்டு எழுதினா படுத்துருச்சுன்னு அர்த்தம்."

சிகாமட் ஒன்றும் கெட்ட ஊரில்லை. ஆனால் போக வர ஐந்து மணி நேரம். மழைக்காலத்தில் ஆற்று வெள்ளம் கடைக்குள்ளேயே வந்து நலம் விசாரித்துவிட்டுப் போகும். ஹேமநாதனின் மனைவி பிரேமலா சிங்கப்பூரில் வேலை பார்க்கிறாள். விடியுமுன் எழுந்து கடல் பாலத்தைத் தாண்டி வேலைக்குப் போகிறவள். ஸ்கூடாயில் வாங்கிய வீட்டையும், பள்ளிக்கூடம் போகிற இரண்டு பெண்களையும் ஹேமநாதன்தான் பகலில் பார்த்துக்கொள்கிறான். அவன் சிகாமட் போனால் குடும்பம் மூன்று ஊரில் கிடக்கும். "தோத்துட்டு வந்து நிக்காதீங்க" என்று பிரேமலா ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். அது போதும்.

போதாததற்குப் பிரவீனா. ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஆபீஸ் வாட்ஸப்பில் போடுவாள்: 'போன வாரம் முப்பத்திரண்டு அப்டேட். ஒரு பிரச்சினையும் இல்லை.' ஹேமநாதன் வயிறு எரிய எரியக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவான். வாராவாரம் எலும்பை மாற்றிக்கொள்கிற மெஷின் எப்படி ஒரு நாளும் நொண்டாமல் நிற்கிறது என்பது அவனுக்கு விளங்கவே இல்லை.

அன்று மாலை ஐந்து மணிக்குப் போட்டி முடிகிறது. ஓடிக்கொண்டிருப்பது ஹேமநாதனின் பழசு. பிரவீனா பல் பிடுங்க லீவு. மணி எட்டே முக்கால்.

"கையால எழுதிக் குடுத்துறவா தம்பி? மூணு லோரிதானே?" செல்லம் பேனாவின் மூடியைக் கழற்றினாள்.

"அக்கா! அந்தப் பேனாவைக் கீழ வைங்க!"

துப்பாக்கியைக் கண்டவன் கத்துவதுபோல் கத்தினான். செல்லம் பயந்து கீழே வைத்தாள்.

கோளாறு சின்னதுதான். பிரிண்டர் இந்த வருஷத்து மாடல். பழசு இரண்டு வருஷத்துக்கு முன் வந்தது. பிறக்காத பிள்ளையை அடையாளம் காட்டச் சொன்னால் அது என்ன செய்யும்? இந்தப் பிரிண்டரைத் தெரிந்த புரோகிராம் ஒன்று இருக்கிறது. ஆனால் அது புதுசுக்கான புரோகிராம்களை அடுக்கி வைத்திருக்கும் இணையக் களஞ்சியத்தில் இருக்கிறது.

ஹேமநாதன் திரும்பிப் பார்த்தான். யாரும் இல்லை. பதினோரு வருஷமாக அடுத்தவர்களுக்கு அவன் சொல்லி வந்த முதல் விதி: பழசுக்குள் புதுசைக் கலக்காதே. ஒன்றே ஒன்றுதான், அதுவும் பிரிண்டருக்குத்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, புதுசின் களஞ்சிய முகவரியைத் தன் மெஷினில் எழுதினான். அந்த ஒரு புரோகிராமைக் கேட்டான்.

திரை பதில் சொன்னது: இது வரவேண்டுமானால் கூட அறுபத்தொன்று மாறவேண்டும். சம்மதமா?

பொண்ணை மட்டும் அனுப்புங்கள் என்றால் சொந்தபந்தம் அறுபத்தொரு பேர் பஸ் பிடித்து வந்து இறங்கினமாதிரி இருந்தது. வெளியே ஐந்தாவது லோரி ஹாரன் அடித்தது. ஹேமநாதன் சம்மதம் என்று தட்டினான்.

நான்கு நிமிஷம். கண்ணாடி அறையில் பிரிண்டர் கிர்ரென்று சத்தம் போட்டு ஒரு சீட்டைத் துப்பியது.

"வந்துருச்சு தம்பி!" என்று கைதட்டினாள் செல்லம். உடனே குரல் இறங்கியது. "தம்பி... எடை சைபர்னு போட்டிருக்கு."

பாலத்தின்மேல் நின்ற லோரியின் டிரைவர் தீபன், அந்த வட்டாரத்தில் வாய்க்குப் பேர்போனவன். சீட்டை வாங்கிப் பார்த்தான். லோரியைத் திரும்பிப் பார்த்தான்.

"அண்ணே, நான் என்னா காத்தா ஏத்திட்டு வந்தேன்? காலையிலேருந்து முதுகு ஒடியக் குலையைத் தூக்கிப் போட்டிருக்கேன். எடை சைபராம்!"

"ஒரு நிமிஷம் தீபன். மெஷின் யோசிக்குது."

"நல்லா யோசிக்கச் சொல்லுங்க. வெயில்ல பழம் வெந்துகிட்டு இருக்கு. ஆலைக்காரன் திருப்பி விட்டான்னா அதை உங்க வீட்டு வாசல்லதான் கொட்டுவேன்."

கோளாறு என்னவென்றால், பாலத்திலிருந்து எடையைப் படிக்கிற புரோகிராம் பழைய எலும்பில் கட்டியது. வந்திறங்கிய அறுபத்தொன்றில் ஏதோ ஒன்று அதன் காலை உருவிவிட்டது. சரி, அதற்கும் புதுப் பதிப்பு இருக்கிறதல்லவா? அதையும் கேட்டான். கூட இன்னும் எண்பத்து நான்கு வந்தன. இந்தத் தடவை எண்ணிக்கையை அவன் படிக்கக்கூட இல்லை.

"எடை வருது தம்பி! எண்பத்தி... எண்பத்தி ஒரு டன்!"

தீபன் ஜன்னலில் தலையை நீட்டினான். "அக்கா, மெஷின் சொன்னா சரியாத்தான் இருக்கும். சீக்கிரம் அடிச்சுக் குடுங்க லா."

"டேய், உன் லோரியே பத்து டன்னுதாண்டா தாங்கும்!"

"பாசமா வளர்த்த லோரிக்கா. தாங்கும்."

வரிசையில் எட்டு லோரி. சிரிப்பு ஒவ்வொரு லோரியாகப் பின்னால் போய்க் கடைசி லோரிக்காரனும் சிரித்துவிட்டு ஹாரன் அடித்தான். புள்ளி ஓர் இடம் தள்ளி விழுந்திருக்கிறது என்று ஹேமநாதனுக்குப் புரிந்தது. புள்ளியை யார் நகர்த்தியது என்றுதான் தெரியவில்லை. அவன் நெற்றியிலிருந்து வியர்வை விசைப்பலகையில் சொட்டியது. சர்வர் அறையில் ஏர்கான் பதினெட்டில் ஓடிக்கொண்டிருந்தது.

நிறுத்தவேண்டிய இடம் அதுதான். கையால் சீட்டு எழுதச் சொல்லிவிட்டு, மெஷினைத் துடைத்துப் பழசையே மறுபடி போட்டிருந்தால் ஒரு மணி நேரத்தில் முடிந்திருக்கும். ஆனால் பேனா எடுத்தால் சிகாமட். பாதி பழசும் பாதி புதுசுமாகக் கிடப்பதால்தான் இந்தச் சண்டை, முழுக்கப் புதுசாக்கிவிட்டால் சண்டை ஓயும் என்று அவனுக்குத் தோன்றியது. பயந்தவனுக்கு எல்லாமே நியாயமாகத் தோன்றும்.

ஆயிரத்து இருநூற்றுச் சொச்சம் மாறின. கடைசியில் திரை பணிவாகக் கேட்டது: மறுபடி தொடங்கலாமா? தொடங்கலாம் என்றான்.

மெஷின் அணைந்தது. விசிறி சுற்றியது. திரை எழுந்தது. கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி: வட்டைக் காணவில்லை.

"அலமாக்!" என்று தலையில் அடித்துக்கொண்டான் ஹேமநாதன். மெஷினுக்குள் கண்ணுக்கு முன்னால் இருக்கிற ஹார்டு டிஸ்க் அது. போன வருஷம் அவனே திருகி மாட்டியது.

மூன்று தடவை அணைத்து எழுப்பினான். மூன்று தடவையும் அதே வரி. வெளியே பதினான்கு லோரி. பதினைந்தாவது பெரிய ரோட்டில் பாதி உடம்பை நீட்டிக்கொண்டு நிற்க, பின்னால் வந்த கார்கள் தனிக் கச்சேரி வைத்தன. காய்ந்த குலைகளின் வாடை கண்ணாடி அறைவரை வந்துவிட்டது.

இனி ஒரே வழி. பக்கத்துப் பெட்டி பிரவீனாவுடையது. எடைப் பதிவுகள் பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை ஒரு மெஷினிலிருந்து மற்றதற்குப் போய்க்கொண்டே இருக்கும். பாலத்திலிருந்து வரும் நீல வயரை இதிலிருந்து பிடுங்கி அதில் செருகினால் அது வேலையை எடுத்துக்கொள்ளும். ஆனால் ஒருவர் மெஷினில் மற்றவர் கை வைப்பதில்லை என்பது முதல் நாளே பேசிக்கொண்ட ஒப்பந்தம்.

போன் அடித்தான்.

"அண்ணே, பல்லு டாக்டர்கிட்ட இருக்கேன். பாதி வாய் மரத்துப் போச்சு," என்றாள் பிரவீனா. சத்தம் கம்பளிக்குள்ளிருந்து வந்தது.

"என்னோடது படுத்துருச்சு பிரவீனா. வயரை உன்னோடதுல மாத்தவா?"

அந்தப் பக்கம் அவள் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்த சத்தம் கேட்டது.

"வயரை மட்டும் மாத்துங்கண்ணே. உள்ள போய் எதையும் பாக்காதீங்க. ப்ளீஸ் லா. பாஸ்வேர்டு கேக்காதீங்க, நான் சொல்லமாட்டேன்."

வென்றவள் திமிர் என்று நினைத்துக்கொண்டான். அவளுக்கு அந்த உரிமை உண்டு. நீல வயரை மாற்றிச் செருகினான்.

"எட்டு புள்ளி ஒண்ணு டன்!" செல்லத்தின் குரல் கோயில் மணிபோல் வந்தது. "சரியா இருக்கு தம்பி! ஆனா பிரிண்டர் மறுபடி வாயைத் திறக்கல."

புதுசுக்குப் புதுப் பிரிண்டர் தெரிந்திருக்க வேண்டுமே என்று ஒரு நினைப்பு ஹேமநாதனின் தலைக்குள் எட்டிப் பார்த்தது. உட்கார இடம் கிடைக்காமல் அதுவே போய்விட்டது.

"எழுதிக் குடுங்கக்கா."

"பேனாவை எடுக்கலாமா?"

"எடுங்கக்கா. எல்லாம் முடிஞ்சுபோச்சு."

செல்லம் எழுதினாள். பாலத்தின்மேல் லோரிகள் ஒவ்வொன்றாக ஏறி இறங்கின. தீபன் போகும்போது கத்தினான்: "எண்பத்தி ஒண்ணே நல்லா இருந்துச்சுண்ணே!"

ரோட்டில் நெரிசல் கலைந்துகொண்டிருந்தபோது சந்திரமதி அம்மாள் வந்தார். மண் ஒட்டிய ரப்பர் பூட்சோடு நேரே சர்வர் அறைக்குள் நுழைந்தார். நுழையும்போதே செல்லத்தின் கையிலிருந்த பேனாவைப் பார்த்துவிட்டார்.

"என்னா ஹேமா, ரோடு வரைக்கும் லோரி? ஊர்வலமா?"

"இப்ப சரியாயிருச்சுங்க மேடம்."

"எது படுத்துச்சு?"

நீல வயர் பிரவீனாவின் பெட்டியில் இருந்தது. பிரவீனா ஊரின் அந்தக் கோடியில் வாயைத் திறந்துகொண்டு கிடந்தாள். அவளுடையதுதான் படுத்தது, இப்போதுதான் எழுப்பினேன் என்று ஒரு வாக்கியம் ஹேமநாதனின் நாக்கு நுனிவரை வந்தது. பிரேமலாவின் முகமும் கூடவே வந்தது. அந்த வாக்கியத்தை விழுங்கினான்.

"என்னோடதுங்க மேடம். பழசு."

"எது தூக்கி விட்டுச்சு?"

"பிரவீனாவோடது. புதுசு." பழசின் பெட்டியைக் காட்டினான். "ஆனா மேடம், அது படுத்ததுக்குக் காரணம் என்னான்னா, காலையில நான்தான் அதுக்குள்ள—"

"காரணம் நான் கேட்டனா?"

"இல்லைங்க மேடம்."

"மாடு படுத்தா படுத்ததுதான். அதுக்குக் காரணம் சொல்லத் தெரியாது. உனக்கு மட்டும் எதுக்கு?"

அவர் இரண்டு பெட்டிகளையும் மாறி மாறிப் பார்த்தார். வெள்ளிக்கிழமை ஆனதால் இரண்டின் நெற்றியிலும் செல்லம் காலையிலேயே விபூதி இட்டிருந்தாள். ஹேமநாதன் சிகாமட்டில் வாடகைக்கு அறை கிடைக்குமா, மாடி அறையாகக் கிடைக்குமா என்று யோசிக்கத் தொடங்கினான்.

"அப்ப எனக்கு ஒண்ணு புரியுது," என்றார் சந்திரமதி அம்மாள். "ரெண்டும் பழசா இருந்திருந்தா ரெண்டும் சேர்ந்து படுத்திருக்கும். நீங்க ரெண்டு பேரும் மூணு மாசமா எது நல்லதுன்னு அடிச்சுகிட்டீங்க. ஒருத்தருக்கும் இது தோணல. பழசு ஒண்ணு, புதுசு ஒண்ணு. ஒண்ணு விழுந்தா ஒண்ணு தாங்கும். இனிமே எல்லா ரேம்புலயும் அப்படித்தான்."

"சரிங்க மேடம். அப்ப... சிகாமட்?"

"ரெண்டு தினுசு மெஷினுக்கும் ரெண்டு தினுசு ஆளு இங்கேயே வேணும்ல? உன்னை அங்க அனுப்பிட்டா பழசை யார் பாக்கறது? சிகாமட்டுக்கு அந்த ஊரு ஆளையே எடுத்துக்கறேன்."

ஹேமநாதன் நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்தான். முதலாளியின் முன்னால் அவன் உட்கார்ந்தது பதினோரு வருஷத்தில் அதுவே முதல் தடவை. அவர் கண்டுகொள்ளவில்லை. தன் யோசனை தனக்கே பிடித்துப்போன முகத்தோடு வெளியே போய், செல்லத்திடமும் அதையே முதலிலிருந்து சொன்னார். வண்டியில் ஏறும்போது யாருக்கோ போன் போட்டும் சொன்னார்.

ஹேமநாதன் பிரேமலாவை அழைத்தான்.

"சிகாமட் இல்லை."

"நிஜமாவா? ஜெயிச்சுட்டீங்களா?"

"இல்ல. ஆனா போகவேண்டாம்."

"அது போதும்," என்றாள் பிரேமலா. அவள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "வர்றப்ப கோழி வாங்கி வைங்க. நான் வந்து சமைக்கிறேன்."

காலையில் வைத்த டீ ஆறி ஆடை கட்டியிருந்தது. அதை அப்படியே குடித்தான். அவ்வளவு ருசியான டீயை அவன் குடித்ததே இல்லை.

மூன்றரை மணிக்குப் பிரவீனா ஓடி வந்தாள். ஒரு கன்னம் பூசணிக்காய்போல் வீங்கியிருந்தது. பல் பிடுங்கிய அன்றே வேலைக்கு ஓடி வருகிற பெண் அவளில்லை. நேரே தன் பெட்டியின் முன்னால் போய் நின்று, திரை பூட்டியபடியே இருக்கிறதா என்று பார்த்தாள்.

"உள்ள போனீங்களாண்ணே?"

"சத்தியமா இல்ல. வயரை மட்டும்தான் தொட்டேன்."

அவள் விட்ட மூச்சில் மேசைமேல் இருந்த எடைச் சீட்டு ஒன்று பறந்தது.

ஹேமநாதன் அவளுக்காக வாங்கி வைத்திருந்த ஆறிய மைலோவை நீட்டினான். முதலாளியின் தீர்ப்பை ஒரு வார்த்தை விடாமல் சொன்னான். சொல்லச் சொல்ல அவள் முகம் முதலில் வெளுத்தது, பிறகு சிவந்தது. ஹேமநாதனுக்கு மனசு நிறைந்திருந்தது. அப்படிப்பட்ட நேரத்தில் மனிதன் உண்மை பேசிவிடுகிறான்.

"மூணு மாசமா உன்மேல எனக்குப் பொறாமைம்மா. புதுசு புதுசா மாத்திக்கிட்டே இருக்கற மெஷின் ஒரு நாளும் படுக்கலையேன்னு. இன்னிக்கு என் குடும்பத்தைக் காப்பாத்தினது உன் புதுசுதான். அதை நான் கேலி பண்ணினதுக்கெல்லாம் மன்னிச்சுக்க."

பிரவீனா கதவுவரை போய், சந்திரமதி அம்மாளின் வண்டி மறுபடி வந்து நிற்கிறதா என்று எட்டிப் பார்த்தாள். கதவைச் சாத்தினாள். மரத்த வாயால் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்:

"மேடத்துகிட்ட சொல்லிராதீங்கண்ணே, அந்தப் புதுசு ரெண்டாவது நாளே எழுந்திருக்கல, அன்னிக்கே உங்க டிராயர்ல இருந்த பென்டிரைவ எடுத்து உங்க பழசையேதான் இதுல போட்டு வச்சிருக்கேன்."